மூன்றடிச் சந்து

நான் ஒரு போர் நடத்தியிருக்கிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என் தோளையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எங்கள் தெரு நாய்கூட என்னைக் கண்டு எழுந்து நின்றதில்லை. படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, இவன்தானா என்று மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் போர் நடந்தது உண்மை. மண்ணாசையில் மூண்ட போர். எல்லைக்கல்லைப் பிடுங்கினேன், ஆக்கிரமித்தேன், வென்றுவிட்டேன் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் நடந்தேன்.

என் நாடு பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து மூன்று திருப்பம் உள்ளே இருக்கிறது. பரப்பளவு இருபதடிக்கு முப்பதடி. பக்கத்து நாடும் அதே அளவு. இரண்டுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. போர் அந்தச் சந்துக்காகத்தான்.

எதிரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவனும் நானும் ஒரே கம்பெனியில் வேலை. வண்டிகளுக்கான இரும்பு உதிரிப் பாகங்கள் கடையும் கம்பெனி. அவன் லேத் மெஷினில் கடைவான். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவன் கடைந்ததை அளந்து பார்த்து, சரி அல்லது ரிஜெக்ட் என்று எழுதுபவன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, ஒரு மைக்ரோமீட்டர், அதைத் துடைக்க ஒரு துணி, அவ்வளவுதான். அவனும் நானும் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவன் கன்னடக்காரனாக இருந்திருந்தால் எங்கள் சண்டைக்குத் தெருவே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆளுக்கொரு கொடியுடன் ஆட்கள் வந்திருப்பார்கள். நானும் ஒரு வாரத்துக்குத் தலைவனாக இருந்திருப்பேன். இரண்டு பேரும் ஒரே ஜில்லாவாகப் போனதால் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "உங்க ஊர்ச் சண்டையை உங்க ஊர்ல போய்ப் போடுங்க சார், இங்க பால் பொங்குது" என்றார்.

அந்த இடத்தை நாங்கள் சேர்ந்துதான் வாங்கினோம். முப்பதடிக்கு நாற்பதடி மனை, இங்கே சைட் என்பார்கள். தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. அதனால் ஒன்றாக வாங்கி, தெருவைப் பார்த்த நாற்பதடியை நடுவில் வெட்டி ஆளுக்கு இருபது என்று பிரித்துக்கொண்டோம். மேஸ்திரி கயிறு பிடித்தார். எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் தடவி, நடுவில் ஒரு கல்லை நட்டோம். கல்லிலிருந்து ஆளுக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்புவது என்று பேச்சு. அப்படி வந்ததுதான் மூன்றடிச் சந்து. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆளுக்கொரு டீ குடித்தோம், ஒப்பந்தம் முடிந்தது.

இரண்டு வீட்டையும் கட்டியது ஒரே மேஸ்திரி. ஒரு வீட்டுக்குப் போட்ட பிளானை அப்படியே திருப்பி அடுத்த வீட்டுக்கும் போட்டுவிட்டார். அதனால் என் வீட்டுச் சமையலறைச் சன்னலும் அவன் வீட்டுச் சமையலறைச் சன்னலும் நேருக்கு நேராக அமைந்துவிட்டன. நடுவில் மூன்றடிதான். இந்தப் பக்கம் கை நீட்டி அந்தப் பக்கம் கிண்ணம் வைக்கலாம்.

என் மனைவி செய்யாற்றிலிருந்து வந்தவள். வந்த புதிதில் பெங்களூர் பஸ்ஸில் ஏறவே பயப்படுவாள். கண்டக்டர் கன்னடத்தில் ஏதாவது கேட்டால் சில்லறை முழுவதையும் அவர் கையில் கொட்டிவிடுவாள். எதிர்வீட்டுச் சன்னலில் இருந்த அவன் மனைவி சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், கன்னடம், கொஞ்சம் உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கிளறுவாள். என் மனைவிக்குக் கன்னடம் வந்தது அந்தச் சன்னல் வழியாக. துணிக்கடையில் பேரம் பேசும் தைரியமும் அந்தச் சன்னல் வழியாகவே வந்தது. பகலில் ஒரு மணி நேரம் வெயிலும் அதே சன்னல் வழியாகத்தான் வரும். ராத்திரி நான் சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்கு உலகத்தில் நடந்தது எல்லாவற்றையும் சொல்வாள். அத்தனையும் சன்னலில் வாங்கிய சரக்கு. இவ்வளவு பெரிய ஊரில் என் மனைவிக்கு ஊர் என்று இருந்தது அந்த இரண்டடிக்கு மூன்றடிச் சன்னல்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதால் இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஏரியாவில் வீடுகள் மேலே போகப்போக அகலமாகும். கீழே யோக்கியமாக இடம் விட்டிருப்பார்கள். முதல் மாடியில் வெயில் மறைக்க ஒரு சஜ்ஜா வெளியே எட்டிப் பார்க்கும். அடுத்த மாடியில் சஜ்ஜா ஒரு ரூமாகிவிடும். மூன்றாவது மாடியில் எதிர் எதிர் வீடுகள் கைகுலுக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வாடகைக்கு வரத் தொடங்கிய பிறகு, வளராத வீட்டைப் பார்த்தால் நோய் வந்த வீட்டைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. எனக்கும் மாடியில் ஒரு ரூம் போட ஆசை வந்தது. ரூமுக்கு இடம் இருந்தது. படிக்கு இடம் இல்லை. வீட்டுக்குள் படி வைத்தால் ஹாலை முழுங்கிவிடும். வெளியே என் பங்குச் சந்தில் ஒன்றரை அடி இருந்தது. ஒன்றரை அடிப் படியில் பூனை ஏறலாம். இரண்டரை அடி இருந்தால் மனிதன் ஏறலாம். ஆக, எனக்கு ஓரடி குறைந்தது. ஓரடி குறைகிறது என்று ஒருவனுக்குத் தோன்றிவிட்டால், அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தோன்ற அதிக நேரம் ஆகாது.

அந்தச் சமயத்தில் அவனும் மாடி கட்ட ஆரம்பித்திருந்தான். தளத்தின் மேல் தூண்களுக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கம்பிகள் என் பக்கம் சாய்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. உண்மையில் என் கண்தான் அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் டேப்பை எடுத்தேன். பழைய இரும்பு டேப், நுனிக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி ஆடினால் அளவு பிசகும். அதனால் எங்கள் தொழிலில் நுனியை நம்பமாட்டோம். ஒன்று என்று போட்டிருக்கும் கோட்டில் பிடித்து அளந்துவிட்டு, வந்த அளவில் ஒன்றைக் கழித்துவிடுவோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தரும் பாடம் இது. "சாப்பிட மறந்தாலும் மறங்க, ஒண்ணைக் கழிக்க மறக்காதீங்க" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாக வேண்டும், இன்ஸ்பெக்டர் சொல்லும் ஜோக் அல்லவா.

டேப்பின் முனையை என் மனைவியிடம் கொடுத்து அவன் வீட்டுக் கோடியில் நிற்கச் சொன்னேன்.

"ஒண்ணுல பிடி. கொக்கி ஆடுது."

"ஏங்க, அவங்க இல்லாதப்ப அவங்க வீட்டை அளக்கறது நல்லாவா இருக்கு?"

"அளக்கத்தானே போறேன், தூக்கிக்கிட்டா போறேன்?"

அவள் ஓரடிக் கோட்டில், ஒன்றில் பிடித்தாள். நான் டேப்பை இழுத்துக்கொண்டு சந்து வரைக்கும் வந்து, நடுக்கல்லில் வைத்துப் படித்தேன். இருபத்தொன்று. அந்த நொடியில் ஒன்றைக் கழிப்பது என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நினைவில்லை. என் மூளை கணக்குப் போடவில்லை, கும்மாளம் போட்டது. இருபது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று வைத்திருக்கிறான். நான் தேடிய ஓரடி அங்கே இருக்கிறது!

கம்பெனியில் ஒரு சாமானை அளந்தால் இன்னொரு தரம் திருப்பி அளப்பேன். அன்றைக்கு என் வீட்டையும் அளந்திருந்தால் அதுவும் இருபத்தொன்று என்று வந்திருக்கும். நாற்பதடி சைட் நாற்பத்திரண்டாகக் குட்டி போட்டிருப்பதைப் பார்த்து நானே சிரித்திருப்பேன். அளக்கவில்லை. படை கிளப்பிப் போன எந்த ராஜாவாவது போகும் முன் தன் நிலத்தை அளந்து பார்த்திருக்கிறானா?

சாயங்காலம் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவன் மனைவி பட்டுப்புடவையில் இருந்தாள். அவன் கையில் தாம்பூலப் பை. நான் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வாசலில் இருந்தார்கள். அவர்கள் இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"நில்லுப்பா. உன் வீடு ரிஜெக்ட்."

அவன் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். "இன்னாப்பா, ஞாயித்துக்கிழமைகூட டூட்டியா?"

"இருபத்தோரு அடி வளைச்சு வெச்சிருக்க. ஓரடி என்னுது."

"அளந்தியா?"

"யாரைப் பாத்து அளந்தியான்னு கேக்கற? தலைமுடியைப் பத்தா கிழிச்சு அதுல ஒரு பங்கு தப்பு இருந்தாலும் சொல்றவன் நான். உன் மெஷின்ல இருந்து வர்றதைத் தினமும் அளக்கறவன்கிட்டயே கேக்கறியா?"

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல சிரிப்புகளில் ஒன்று. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அவன் தாம்பூலப் பையைக் கை மாற்றிக்கொண்டான். "சரி, நானும் பாக்கறேன்" என்று உள்ளே போனான். இருட்டும் முன் அவனும் அவளும் டேப்புடன் வெளியே வந்து அளந்ததைச் சன்னலிலிருந்து பார்த்தேன். வந்து மன்னிப்புக் கேட்பான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கம்பெனியில் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாயைத் திறக்காததையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெல்டரை வரவழைத்தேன். கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டரை அடி அகலத்துக்கு இரும்புப் படி. அவன் தன் மாடியிலிருந்து பார்த்தான், தடுக்கவில்லை. படி சாய்வாக ஏறியபோது எங்கள் சமையலறைச் சன்னலுக்குக் குறுக்காக வந்தது.

"ஏங்க, சன்னலுக்கு முன்னாடியே வருதே."

"கம்பிப் படிதானே. ஊடால காத்து வரும்."

வேலை முடிந்த சாயங்காலம் மனைவி காபி கொண்டுவந்தாள். நான் புதுப் படியின் மூன்றாவது தட்டில் உட்கார்ந்து என் சாம்ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் இன்னும் காயாததால் வேட்டியில் ஒரு சிவப்புப் பட்டை விழுந்தது தனிக் கதை. டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் சும்மா கேட்டாள்:

"அன்னிக்கு ஒண்ணுல பிடிக்கச் சொன்னீங்களே. கழிச்சுத்தானே சொன்னீங்க?"

அவள் கேட்டதில் சந்தேகமே இல்லை. ஏதோ தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு வாயில் இருந்த காபி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. இருபத்தொன்றில் ஒன்று போனால் இருபது. முதல் வகுப்புக் கணக்கு.

அப்போதே இறங்கிப்போய் அவன் கதவைத் தட்டியிருக்கலாம். படியை அறுத்து எடுக்க அரை நாள் வேலை. ஆனால் தெருவில் கத்தியாகிவிட்டது. நாலு பேர் சிரித்தாகிவிட்டது. மாடி ரூமுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அதோடு, தப்பாக அளந்த இன்ஸ்பெக்டர் என்று கம்பெனி முழுக்க, லேத் டிப்பார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். ஊரைச் சிரிக்கவைப்பதுதான் எனக்குத் தொழில் மாதிரி. ஆனால் எதற்குச் சிரிப்பது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

"கழிக்காம இருப்பேனா" என்றேன். "கழிச்சேன்."

மறுநாள் காலை. நான் ஹாலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறைச் சன்னலில் எதிர்வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"அக்கா, பேஜாராயிடுச்சு அக்கா. ஆம்பிளைங்க சண்டை ஆம்பிளைங்களோட போகட்டும்னு சும்னே இருந்தேன். எங்க இடத்துல ஓரடி வந்து படி வெச்சிட்டாரே அண்ணன். இது சரியா? நீங்களே சொல்லுங்க."

"உங்க இடம் இல்ல. எங்க இடம்."

"இருபதுதான் அக்கா இருக்கு. நானே அவரோட நின்னு அளந்தேன்."

"நானும் நின்னு அளந்தேன். என் கையாலதான் டேப்பைப் பிடிச்சேன். ஒண்ணுல பிடிச்சு ஒண்ணைக் கழிச்சுத்தான் அவர் சொன்னாரு. அவர் தொழிலே அதுதான்."

"அக்கா, என் மேல ஆணையா சொல்றேன்..."

"ஆணை எல்லாம் வேணாம். திருடன் பொண்டாட்டி திருடனுக்குத்தான் சாட்சி சொல்லுவா."

எதிர்ச் சன்னலின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் மனைவி யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் மேல் இருந்த நம்பிக்கையில் பேசினாள். எழுந்து பத்தடி நடந்து சன்னலுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் இன்னொரு இட்லியை எடுத்துச் சட்னியில் தொட்டேன். இதை எப்படி வேடிக்கையாக எழுதுவது என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

பத்து நாளில் அவன் பதிலடி கொடுத்தான். சந்தில் மிச்சமிருந்த அரையடியையும் சேர்த்துக்கொண்டு, என் படியை ஒட்டி ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினான். கீழேயிருந்து அவன் புதிதாகக் கட்டிய மாடி வரைக்கும் ஒரே சுவர். அவன் வீட்டுச் சமையலறைச் சன்னல் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. எங்கள் சன்னல் திறந்துதான் இருந்தது. திறந்தால் கம்பிப் படி, அதற்கு அப்பால் பூசாத சிமென்ட் சுவர். காற்று வரும் என்று நான் சொன்ன வழியில் பல்லி வந்தது.

என் மனைவி பகல் பன்னிரண்டு மணிக்கு ட்யூப்லைட் போட்டுச் சமைக்க ஆரம்பித்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை. நியாயம் நம் பக்கம் என்று நம்பியதால் இருட்டையும் பொறுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. விசேஷம் வரும் வழியைத்தான் அடைத்தாகிவிட்டதே.

வென்ற நாட்டில் குடியேறவும் யாரும் சரியாக வரவில்லை. மாடி ரூமுக்கு வந்த முதல் பையன் படியில் ஏறும்போதே, "என்ன சார், கிணத்துக்குள்ள ஏறுற மாதிரி இருக்கு" என்றான். மூன்று மாதத்தில் போய்விட்டான். அடுத்து வந்தவன் அதைவிடச் சீக்கிரம் போனான். கம்பெனியில் அவன் கடைந்த சாமான்கள் வழக்கம்போல என் மேஜைக்கு வந்தன. ஏதாவது ஒன்றிலாவது தப்பு இருக்காதா என்று மைக்ரோமீட்டரை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. என்னை வெறுத்துக்கொண்டே அவ்வளவு சரியாகக் கடைந்தான். சரி, சரி, சரி என்று எழுதிக்கொண்டே இருந்தேன். பிறகு அவன் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் கம்பெனியின் அத்திபெலே கிளைக்கு மாறிப் போனான். வீட்டை முழுக்க வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கேயே குடிபோனார்கள். வேன் கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்றாள். அவன் மனைவி முன் ஸீட்டில் உட்கார்ந்து நேராகவே பார்த்துக்கொண்டு போனாள்.

இதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆயிற்று. போன மாதம் ஒருநாள் மனைவி ட்யூப்லைட்டுக்குக் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அவ நல்லவதாங்க. புருஷன் ஓரடி திருடினதுக்கு அவ இன்னா பண்ணுவா? நான்தான் அவளையும் சேத்துத் திட்டிட்டேன். போனது போகட்டும், நாம அவங்களை மன்னிச்சுடலாங்க."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அத்திபெலே பஸ் ஏறினேன்.

அவன் வாடகை வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டான். பஸ்ஸில் மனதுக்குள் ஒரு பெரிய பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"ஒண்ணைக் கழிக்க மறந்துட்டேன்பா."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே. அளந்தேன், சரியா இருபது. உனக்கு எப்படி இருபத்தொண்ணு வந்திருக்கும்னு யோசிக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகல. நீ கத்துக்குடுத்த பாடந்தானே."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் செருப்பு மாட்டினேன். தெரு நடுவுல ரிஜெக்ட்னு கத்தினியே, அது ஞாபகம் வந்துச்சு. பத்து வருஷமா உன் மேஜை முன்னாடி நின்னுக்கிட்டிருக்கேன், உன் வாயிலேர்ந்து சரின்னு வர்றதுக்காக. செருப்பைக் கழட்டிட்டேன்." பிறகு சொன்னான்: "இன்னொண்ணும் இருக்கு. மாடியில எனக்கும் ரூம் பத்தல. நீ மொதல்ல கை வெச்சா நான் அப்புறம் சுவரைத் தள்ளிக் கட்டினாலும் யாரும் கேக்கமாட்டாங்கன்னு தோணுச்சு. அதான் நீ படி வெக்கறப்போ மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வெல்டர் ஒரு நாள் லேட்டாக்கிட்டான்னு எனக்குக்கூடக் கோபம்."

இதைக் கேட்டு நாங்கள் இரண்டு பேருமே சிரித்தோம். நல்ல சிரிப்பு இல்லை. ஓரடிக்காகச் சண்டை என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அந்த ஓரடியே கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அந்தச் சந்தை நிரப்பியிருக்கிறோம்.

அவன் மனைவி எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. "நீங்க எப்பண்ணா கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

அவளிடம் மட்டும் பொய் வரவில்லை. "படி வெச்ச அன்னிக்கே."

"நான் சன்னல்ல வந்து கேட்டதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடி நாள் சாயங்காலம்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? மொதல்ல அங்க சொல்லுங்க."

அன்றைக்கே சொன்னேன். ஆனால் நான் சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அந்த நாள் அளவை நினைத்துப் பார்த்தேன், ஒன்றைக் கழிக்கவில்லை என்று இந்த வாரம்தான் புரிந்தது என்றேன். அத்திபெலே போனதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தெரியும் என்பதையும் சொல்லவில்லை. பாவத்தைக்கூட முழுசாகச் சொல்லாமல் சாம்பிள் காட்டினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அவளைத் திருடன் பொண்டாட்டின்னு சொன்னேனே."

"தெரியாமத்தானே சொன்ன."

"உங்களுக்கே தெரியாதப்ப எனக்கு எப்படித் தெரியும்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலை அவளே யாரிடமோ முகவரி விசாரித்து, தனியாக பஸ் ஏறி அத்திபெலே போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "வேணாம், நீங்க வந்தா ஏதாவது ஜோக் அடிப்பீங்க" என்றாள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் எப்படி இருக்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை.

"இன்னா சொன்னா?"

"உக்கார வெச்சா. காபி குடுத்தா. நான் எல்லாம் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சே பண்ற ஆள் இல்ல அவர்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"அதுக்கு?"

"என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. அப்புறம் 'ஆமாக்கா, அண்ணன் தெரிஞ்சே பண்ணியிருக்கமாட்டாரு'ன்னா." மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவ சொன்ன விதம் என்னவோ மாதிரி இருந்துச்சுங்க. சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்ற மாதிரி. ஏன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

என் பொய்யை நம்பி அவள் அந்தப் பெண் முன்னால் சாட்சி சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவையாவது அந்தப் பெண்ணுக்கு என் பொய் தெரியாது. இந்தத் தடவை எல்லாம் தெரிந்திருந்தும், இவள் மானம் போகக் கூடாது என்று அவளும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறாள்.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இந்த வாரந்தானே உங்களுக்குத் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரிந்த வேடிக்கைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"இல்ல" என்றேன். "படி வெச்ச அன்னிக்கே தெரியும். நீ காபி குடுத்துக்கிட்டே கேட்டியே, அப்ப. நேத்து நான் ஓவர்டைம் போகல, அத்திபெலே போனேன். அவங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பையை எடுத்து, பிரித்துப் பார்த்தாள். எதையோ தேடுவதுபோல இருந்தது, எதையும் எடுக்கவில்லை. மறுபடி மூடினாள்.

"அப்ப நாளைக்கு நான் மறுபடியும் அத்திபெலே போகணும்" என்றாள்.